கம்பெனியை வளர்க்கத் திட்டம் போடுகிறீர்களா? மாற்றத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்

வளர்ச்சித் திட்டம் என்று பெரும்பாலான கம்பெனிகளில் இருப்பது ஒரு எக்செல் கோப்பு. மூன்று வருடத்தில் டர்ன்ஓவர் இவ்வளவு, மெஷின் இவ்வளவு, கடன் இவ்வளவு, வட்டி இவ்வளவு. பேங்க் மேனேஜருக்குக் காட்ட அது போதும். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு உள்ளே வரும் கட்டிங் மாஸ்டர் இதுவரை செய்யாத எதைச் செய்யப்போகிறார், இருபது வருடமாகச் செய்துவந்த எதை விடப்போகிறார் என்பது அந்தக் கோப்பில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. நான் பார்த்தவரை திட்டங்கள் பணத்தால் விழுவதைவிட இந்த இடத்தில் விழுவதுதான் அதிகம். மெஷின் வந்து இறங்கி, பூஜை போட்டு, பொட்டு வைத்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதன்மேல் துணி பண்டலை அடுக்கி வைத்திருப்பார்கள்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் 120 தையல் மெஷின், ஐரோப்பிய பையர்களுக்குக் காட்டன் டி-ஷர்ட், அப்பா தொடங்கியது, இப்போது மகனும் மருமகளும் உள்ளே வந்திருக்கிறார்கள். கோடை ஆர்டர் முடிந்தால் பாதி மெஷின் சும்மா நிற்கிறது. மூன்று வருடத்தில் உற்பத்தியில் பாதியைப் பாலியஸ்டர், எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை) கலந்த விளையாட்டு உடைகளுக்கு மாற்ற வேண்டும் என்பது திட்டம். வருடம் முழுக்க ஆர்டர் இருக்கும், ஒரே பருவத்தை நம்ப வேண்டாம். காரணம் சரிதான். இதை எப்படி நடத்திக் காட்டுவது என்பதுதான் இனி வரும் எல்லாம். உங்களுடையது பம்ப் கம்பெனியோ மாவு மில்லோ, ஆட்களின் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இப்போது எதற்கு?

திருப்பூர் தானாக விரும்பி மாறியதைவிட, மாறித்தான் ஆக வேண்டும் என்று மாறியதே அதிகம். 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வர்த்தகத்தில் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்த கோட்டா முறை முடிந்தது, கோட்டாவை வைத்துப் பிழைத்தவர்களுக்குத் தொழில் போனது. 2011 ஜனவரி 28-இல் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன, துணியை லாரி ஏற்றி வெளியூர் அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினார்கள், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு வந்த பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, நோட்டில் நடந்த ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) எல்லாம் பில்லுக்கு வந்தது. 2020-இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது; ஒரே நாட்டுப் பையரை நம்பியிருந்தவர்களின் நிலைமை சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தேதிகளில் ஒன்றையாவது ஒரு முதலாளி தேர்ந்தெடுத்தாரா? இல்லை. நெருக்கடியில் மாறுகிறவருக்கு எப்போது மாறுவது, யாரை வைத்து மாறுவது, எந்த நஷ்டத்தை முதலில் தாங்குவது என்ற மூன்றும் கையில் இருக்காது. ஆர்டர் நன்றாக ஓடும்போதே மாறுகிறவருக்கு மூன்றும் கையில் இருக்கும். ஆனால் அவருக்கு வேறொரு தொல்லை: "இப்பதான் நல்லா போயிட்டிருக்கே, எதுக்கு?" என்று உள்ளேயிருந்தே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் இருந்துதான் திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும், தமிழில் எழுதுங்கள். ஆங்கில பிரசன்டேஷனில் "சினெர்ஜி" என்று போட்டால் யாருக்கும் கோபம் வராது, யாருக்கும் புரியவும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மிடம் பாதி மெஷின் நிற்கிறது. அந்த மாதங்களில் ஆட்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், திரும்பக் கூப்பிட்டால் வருவதில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆர்டர் வேண்டும். அதற்கு விளையாட்டு உடை எடுக்கப்போகிறோம். இந்த வருடம் ஒரு லைன், அடுத்த வருடம் இரண்டு." இதைக் கட்டிங் மாஸ்டரிடம் படித்துக் காட்டுங்கள், அவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். சொல்ல முடியவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

அந்த ஒரு பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொன்று, எதை நிறுத்தப்போகிறோம் என்பது. எல்லாரும் இதைத் தவிர்ப்பார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றை விடாவிட்டால், அதே மெர்ச்சண்டைசர் (பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்), அதே குவாலிட்டி ஆள், அதே முதலாளி இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கும், இரண்டும் பாதிப் பாதியாக நடக்கும். எந்தச் சின்ன ஆர்டரை இனி எடுக்க மாட்டோம், எந்தப் பையருக்கு எந்த மாதத்தில் "இல்லை" என்று சொல்வோம் என்று பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் போட மனசு வரவில்லையென்றால் திட்டம் இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

கையில் ஏற்கெனவே இருப்பது என்ன?

புதிய தொழிலுக்குப் போகிறோம் என்றதும் பழைய திறமை எல்லாம் வீண் என்ற பேச்சு கிளம்பும். அது உண்மையும் இல்லை, சொல்ல வேண்டிய பேச்சும் இல்லை. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் கம்பெனி கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கேமரா ஃபிலிமுக்கான தேவை 2000 வாக்கில் உச்சத்தில் இருந்து பிறகு சரசரவென்று சரிந்தது. ஃபிலிம் செய்யும்போது தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தையும் ஆக்ஸிஜனால் ஏற்படும் கெடுதியையும் பற்றிச் சேர்ந்த அறிவை வைத்து 2007-இல் தோல் பராமரிப்புப் பொருள் கொண்டுவந்தார்கள், மருந்து, மருத்துவக் கருவி, திரைகளுக்கான ஃபிலிம் என்று விரிந்தார்கள். அதே தொழிலில் இருந்த கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. ஃபியூஜியிலும் ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது அரைகுறை. நமக்கு இதில் வேண்டியது அவர்கள் எடுத்த பட்டியல்தான்: நமக்கு என்ன தெரியும், அது வேறு எங்கே செல்லும்?

நம் கம்பெனியில் அந்தப் பட்டியல் போட்டால் ஷிப்மென்ட் ஒழுக்கம், சாம்பிள் வேகம், சின்ன அளவு வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கும் செக்கிங் பெண்கள், சமூகத் தணிக்கை (ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று பையருக்காகப் பார்க்கும் சோதனை) ஏற்கெனவே தேறியிருப்பது, இவையெல்லாம் வரும். செல்லாதவையும் வரும். காட்டனுக்கு 60 டிகிரியில் ரியாக்டிவ் சாயம் போடும் பட்டறையிடம் பாலியஸ்டரைக் கொடுக்க முடியாது, அதற்கு 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடும் மெஷினும் வேறு வகைச் சாயமும் வேண்டும். ஆக டையிங் தொடர்பு புதிதாகப் பிடிக்க வேண்டும். கட்டிங்கும் மாறும், எலாஸ்டேன் துணியை ரோலில் இருந்து எடுத்த உடனே வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும், ஒரு நாளாவது விரித்துப் போட்டுத் தளர விட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். இதை மெஷின் விற்பவர் சொல்ல மாட்டார். இடம் அவருடைய கவலை இல்லையே.

யாருக்கு என்ன போகும்?

திட்டத்தில் மிக முக்கியமான பக்கம் இதுதான், எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள். ஒரு தாளில் கம்பெனியில் உள்ள ஒவ்வொரு வேலையையும் எழுதி, இந்த மாற்றத்தால் அவருக்குப் போகப்போவது என்ன என்று மட்டும் பக்கத்தில் எழுதுங்கள். என்ன கிடைக்கும் என்பதை நீங்களே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள், அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆட்கள் எதிர்ப்பது மாற்றத்தை என்று சொல்வது சோம்பேறித்தனம். தனக்குப் போகிற ஒன்றை விடமாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான்.

பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லரை எடுத்துக்கொள்வோம். காட்டன் ஜெர்சியில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். அதே ஆள் முன்னால் பாலியஸ்டர்-எலாஸ்டேன் துணியை வைத்துப் பாருங்கள். துணி வழுக்கும், மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றாக ஓடாது. பழைய வேகத்தில் ஓட்டினால் ஊசி சூடாகி இழையை உருக்கும், தையல் வரியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை விழும்; அது மெஷினில் தெரியாது, செக்கிங்கில் வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊசியை மெல்லியதாக, உருண்டை முனையாக மாற்ற வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், கை இழுப்பை மறந்து புதிதாகப் பழக வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் காட்டனைவிட இதில் போக்குவது கடினம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஆளுக்கு இதன் பொருள் ஒன்றுதான்: சனிக்கிழமை கூலி கவர் மெலிந்துபோகும். வாடகை, குழந்தை ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எதுவும் மெலியாது. இரண்டாவது சனிக்கிழமையே "என்னைப் பழைய லைனுக்கே போடுங்க" என்பார், மூன்றாவது வாரம் பக்கத்துக் கம்பெனி கேட்டில் நிற்பார். இதை நாம் திறமையில்லை, ஒத்துழைப்பில்லை என்று சொல்லிக்கொண்டு இருப்போம்.

மருந்து எளிது, ஆனால் காசு கேட்கும். புதிய லைனுக்குப் போகிறவருக்கு முந்தைய மூன்று மாத சராசரிக் கூலியை, முதல் மூன்று மாதத்துக்கு உத்தரவாதமாகக் கொடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் அதிகம் அவருக்கே. எழுதி, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

லைன் சூப்பர்வைசருக்குப் போவது வேறு. பழைய லைனில் எந்த மெஷினில் என்ன கோளாறு வந்தாலும் அவருக்குத் தெரியும், அதனால்தான் அவர் சூப்பர்வைசர். புதிய துணியில் அவரும் ஜூனியர் டெய்லரும் ஒரே நிலை. தெரியாததை ஆட்கள் முன்னால் காட்டிக்கொள்வதைவிட "இந்தத் துணியே சரியில்லை" என்று சொல்வது அவருக்குச் சுலபம், சொல்வார். எனவே டெய்லர்களுக்கு முன்பே அவருக்குப் பயிற்சி கொடுங்கள், ஆட்கள் பார்க்காத இடத்தில் தப்புச் செய்து பழகட்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிச் சண்டை குறையும்.

ஸ்டிச்சிங் கான்ட்ராக்டருக்கு ஆள் மேல் இருக்கும் பிடி போகும். மெர்ச்சண்டைசருக்குப் பத்து வருடமாகப் பழகிய பையரின் உதவியாளர் போய், யாரென்றே தெரியாத ஒருவரிடம் சாம்பிள் திட்டு வாங்க வேண்டிவரும். அக்கவுண்டன்டுக்கு அவருடைய நோட்டு போகும். கைமடி (டெய்லருக்கு உதவியாள்), பேக்கிங் ஆட்களுக்குப் பெரிதாக ஒன்றும் போகாது, அவர்களை விட்டுவிடலாம்.

அப்புறம் அப்பா. இதை எந்த மேனேஜ்மென்ட் வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் நம் ஊர்க் கம்பெனிகளில் பாதித் திட்டம் இங்கேதான் நிற்கும். அவருக்குப் போவது, ஒரு ரோலைக் கையால் தடவிப் பார்த்து ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) சொல்லும் அந்த இடம். மகன் காலையில் புதிய லைனுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போவார், மதியம் அப்பா வந்து "பழைய பார்ட்டி அவசரமா கேக்கறான், இந்த நாலு பேரை அங்க மாத்து" என்பார். சூப்பர்வைசர் யார் பேச்சைக் கேட்பார்? பெரியவர் பேச்சைத்தான். நான்கு நாள் இப்படி நடந்தால் புதிய லைன் முக்கியமில்லை என்று மொத்தக் கம்பெனிக்கும் தெரிந்துவிடும், நீங்கள் எவ்வளவு பேசினாலும் திரும்ப வராது. எனவே திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன்பே குடும்பத்துக்குள் உட்கார்ந்து இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: புதிய லைனில் இருந்து ஆள் எடுக்க யாருக்கு அதிகாரம், பெரியவருக்குத் தனியாக என்ன பொறுப்பு. பொறுப்பு ஒப்புக்குக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. நூல் விலை, துணி மில்லோடு பேச்சு, கடன் நாள் வாங்குவது போன்றவற்றில் அவருக்கு நிகரான ஆள் உங்கள் கம்பெனியில் இல்லை. புதிய துணிக்கு மில் பிடிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். திட்டம் அவருடையதும் ஆகிவிடும்.

பணக் கணக்கில் விட்டுப்போவது

மெஷின் விலை, டெபாசிட், வட்டி எல்லாம் எழுதியிருப்பீர்கள். பழகும் காலத்தின் செலவு இருக்காது. சும்மா ஒரு கணக்குப் போடுவோம், எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு லைனில் 30 டெய்லர், ஒரு ஆளுக்கு நாளுக்கு 600 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் கூலி மட்டும் 4,68,000. முதல் மாதம் பழைய உற்பத்தியில் பாதி வருகிறது, இரண்டாம் மாதம் 70 சதவீதம், மூன்றாம் மாதம் 85 என்று வையுங்கள். நீங்கள் முழுக் கூலி கொடுத்து வராமல் போன உற்பத்திக்கு ஆன கூலி முறையே 2,34,000, 1,40,400, 70,200. கூட்டினால் 4,44,600, கிட்டத்தட்ட ஒரு முழு மாதக் கூலி. இதில் டாமேஜ் ஆன துணியும், மெக்கானிக் செலவும், நாள் தவறினால் கப்பலுக்குப் பதில் ஏரில் (விமானத்தில்) அனுப்பும் கட்டணமும் சேரவில்லை. முக்கியமாக அந்த ஏர் கட்டணம். ஒரு ஷிப்மென்ட் ஏரில் போனால் மொத்த ஆர்டரின் லாபமும் போய்விடும்.

இந்தத் தொகையைக் கடன் கேட்கும்போதே திட்டச் செலவில் சேருங்கள். சேர்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்: இரண்டாம் மாதம் முதலாளி பதறுவார், உத்தரவாதக் கூலியை வெட்டுவார், ஆட்கள் போவார்கள், புது ஆள் வருவார், முதல் மாதம் மறுபடி தொடங்கும்.

சட்டப்படி பார்க்க வேண்டியதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஷிப்ட் முறை, கூலி கணக்கிடும் முறை, வேலை நேரம் போன்றவற்றை மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் இருந்த விதி இது, 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். திருப்பூரின் ஒன்றரை ஷிப்ட் பழக்கத்தைத் தொடப்போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள், ஆட்களின் வருமானத்தில் அந்த அரை ஷிப்ட் பெரிய பங்கு. அடுத்தது, மெஷின் வாங்கி முதலீடு கூடினால் சிறு நிறுவன வரம்பு தாண்டுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கு முதலீடு 25 கோடி, டர்ன்ஓவர் 100 கோடி வரை, அதிலும் ஏற்றுமதி டர்ன்ஓவரைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்று, குறு, சிறு நிறுவனமாகப் பதிவான புது டையிங், பிரிண்டிங் பட்டறைக்கு நீங்கள் தரவேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடக் கணக்கில்தான் கழிக்க வருமான வரிச் சட்டம் விடும். பழைய பட்டறை "பரவாயில்லை, மெதுவா குடுங்க" என்று விட்டிருக்கலாம். புதியவரிடம் முதல் நாளே ஒப்பந்தம் போடுங்கள்.

எப்போது, யாரை வைத்து?

ஒரே லைன். இரண்டு கூட வேண்டாம். மெஷின் சப்ளையர் நான்கு லைனுக்கு வாங்கினால் விலை குறைப்பேன் என்பார், அந்தத் தள்ளுபடியை விட நிற்கும் மெஷினின் வட்டி அதிகம்.

தேதி வைக்கும்போது காலண்டரை விரித்து, எந்த வாரங்கள் கூடாது என்று முதலில் அடியுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் கூடாது, எல்லார் மனதும் போனஸில் இருக்கும், அப்போது நீங்கள் என்ன மாற்றினாலும் போனஸை வெட்டத்தான் என்று நினைப்பார்கள். பொங்கலை ஒட்டிய வாரங்கள் கூடாது, தெற்கு மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப நாளாகும். பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அதிகம் இருந்தால் சத் பூஜையும் ஹோலியும் பாருங்கள், தேர்தல் வருடமாக இருந்தால் அவர்கள் மாநிலத் தேர்தல் தேதியையும். கோடை ஷிப்மென்ட் நெருக்கடியில் நிச்சயம் கூடாது. இவ்வளவையும் அடித்தபின் மிஞ்சுவது மந்தமான சில வாரங்கள்தான், உங்கள் மாற்றம் அங்கேதான் உட்கார வேண்டும். பையருக்கு முதல் ஆர்டர் எந்தத் தேதியில் தர முடியும் என்பதை அங்கிருந்து எண்ணுங்கள், பையர் கேட்ட தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணினால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் லைனுக்குச் சிறந்த டெய்லர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஆசை வரும். எடுத்தால் இரண்டு கேடு. பழைய லைன் படுத்துவிடும், அந்தப் பழி புதிய லைன்மேல் விழும். தவிர, கெட்டிக்காரர்கள் செய்து காட்டியதைப் பார்த்து மற்றவர்கள் "அவங்களால முடியும்" என்று ஒதுங்கிவிடுவார்கள். பாதி கெட்டிக்காரர், பாதி சாதாரணமாக ஓட்டுபவர், இரண்டு மூன்று பேர் எதையும் குறை சொல்பவர் என்று கலந்து எடுங்கள். குறை சொல்பவரை ஏன் என்றால், அவர் சரி என்று சொல்லிவிட்டால் டீக்கடையில் வேறு யாரும் பேச வேண்டியதில்லை.

சொல்வது எப்படி?

நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன், வாட்ஸ்ஆப் குரூப்பில் போடுவதற்கு முன், சூப்பர்வைசர்களை மட்டும் கூப்பிட்டு முழுவதும் சொல்லுங்கள். தனக்குத் தெரியாத ஒன்றைத் தன் லைன் ஆள் வந்து கேட்டால் அவர் முகம் போய்விடும், அதற்குப் பிறகு அவர் உங்கள் பக்கம் இல்லை. அடுத்த நாள் ஆட்களிடம் முதலாளியே தளத்தில் நின்று சொல்லட்டும். ஹிந்தி, ஒடியா பேசும் ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவரே அவர்கள் மொழியில் சொல்லட்டும், மொழிபெயர்த்தது சரியா என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "ஆள் குறைப்பு உண்டா?" என்ற கேள்வி கட்டாயம் வரும், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே அதை எடுத்துப் பதில் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை. தெரியாதென்றால் தெரியாது, எந்த மாதத்தில் தெரியும் என்று சொல்லுங்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். கூலியைப் பற்றிக் கேட்க நிற்கும் ஆளுக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

ஓடத் தொடங்கிய பிறகு

டேஷ்போர்டு பெரிதாக வேண்டியதில்லை. சனிக்கிழமை கூலி போடும் முன் அரை மணி நேரம், சூப்பர்வைசர், மெக்கானிக், குவாலிட்டி ஆள், நீங்கள். எத்தனை பீஸ், எத்தனை ரீவொர்க், எத்தனை பேர் லீவு. மூன்றாவது எண்தான் முதலில் பேசும். உற்பத்தி விழுவதற்கு ஒரு வாரம் முன்பே புதிய லைனில் லீவு கூடத் தொடங்கும். யாராவது பழைய லைனுக்கு மாற்றக் கேட்டார்களா என்றும் கேளுங்கள், கேட்டவர் பெயரைக் குறித்து அவரிடமே போய்ப் பேசுங்கள்.

புது சாப்ட்வேர், ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஒன்றாகப் பார்க்கும் சாப்ட்வேர்) என்று ஏதாவது கூடவே கொண்டுவந்தால் பழைய நோட்டுக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடலாம். அதற்கு மேல் ஓடினால் நோட்டுதான் உண்மை, கம்ப்யூட்டர் ஆடிட்டருக்கு என்று ஆகிவிடும். எத்தனையோ கம்பெனிகளில் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாப்ட்வேரில் சாயந்திரம் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து டைப் அடிக்க ஒரு பெண் தனியாக வேலைக்கு இருக்கிறார்.

எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நான்காம் மாத முடிவில் பழைய உற்பத்தியில் 80 சதவீதத்தைத் தொடவில்லையென்றால் இரண்டாவது லைன் இல்லை. தொடர்ந்து இரண்டு ஷிப்மென்ட் ஏரில் போனால் புது ஆர்டர் எடுப்பது நிற்கும். நடுவில் இருக்கும்போது இந்த முடிவை எடுக்க முடியாது, ஏனென்றால் அப்போது "இவ்வளவு போட்டுட்டோம், இன்னும் கொஞ்சம்" என்ற குரல்தான் சத்தமாகக் கேட்கும்.

ஏற்கெனவே நான்கு லைனுக்கு மெஷின் இறக்கி, ஆள் ஓடி, பாதியில் நிற்கிறீர்களா? மூன்று லைனை மூடி பிளாஸ்டிக் போர்த்துங்கள். மிச்சம் இருக்கும் ஆட்களில் யார் போகாமல் நின்றார்களோ அவர்களை ஒரு லைனில் உட்கார வையுங்கள், உத்தரவாதக் கூலியை வரும் சனிக்கிழமையில் இருந்தே தொடங்குங்கள், பையரிடம் போன் போட்டு அளவைக் குறைத்து, தேதியைத் தள்ளிக் கேளுங்கள். தவறப்போகும் தேதியை முன்கூட்டியே சொல்பவரை அவர்கள் வழக்கமாகக் கைவிடுவதில்லை. மூடிய மெஷினை விற்கலாமா என்ற பேச்சை நான்கு மாதம் கழித்து எடுங்கள், அதற்குள் அந்த ஒரு லைனின் லீவு எண்ணே சொல்லிவிடும்.